வறிய ஏரிகளின் வரலாறு

நீருக்கு நாம் இடும் அடைமொழிகள் பெரும்பாலும் கண்ணும் நாவும் தந்தவை. தெளிந்த நீர் என்கிறோம். கலங்கல் நீர் என்கிறோம். நன்னீர், உவர்நீர் என்று பிரிக்கிறோம். ஆயின், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெளிந்தும் நாவுக்கு ஒன்றுபோலச் சுவைத்தும் இருக்கும் இரண்டு ஏரிகளின் நீர், தன்னுட் கொண்ட பொருள்களால் முற்றிலும் வேறுபட்டிருத்தல் கூடும். அவ்வேறுபாட்டை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர், கண்டறிந்ததை எத்துணைக் காலம் பொருட்படுத்தாதிருந்தனர், அதனால் நேர்ந்த இழப்பு யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நாம் நோக்கப்போகும் ஏரிகள் குளிர்நாட்டு ஏரிகள். வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் ஒரு காலத்தில் மூடிக்கிடந்த பனிப்படலம் உருகிப் பின்வாங்கியபோது, அது குடைந்த பாறைப் பள்ளங்களிலும், அது விட்டுச்சென்ற மணல்மேடுகளின் இடையிலுள்ள குழிகளிலும் நீர் தேங்கிற்று. இவ்வாறு உண்டான ஏரிகளுட் பல, மண்வளங் குறைந்த மலைகளிடையே அமைந்தவை. தாவரங்களின் வளர்ச்சிக்கு இன்றியமையாத பொசுபரசும் நைதரசனும் அந்நீரில் மிகவும் அருகியே காணப்படும். ஆகவே பாசி வளர்ச்சி குறைவு. பாசியை உண்டு வாழும் சிற்றுயிர்களும் குறைவு. பல மீற்றர் ஆழம் வரை கண் ஊடுருவிச் செல்லும். வறுமையே அந்நீரின் தெளிவுக்குக் காரணம்.

ஏரிகளை ஆராய்தல் ஒரு தனி அறிவியலாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். சுவிற்சலாந்து நாட்டவரான போரெல் என்பார் ஜெனீவா ஏரி ஒன்றையே நெடுங்காலம் ஆராய்ந்து, 1892 முதல் 1904 வரை மூன்று பெருந்தொகுதிகளாக அதன் வரலாற்றை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தோர், ஏரியோடு ஏரியை ஒப்பிடத் தலைப்பட்டனர். சுவீடன் நாட்டு நௌமன் என்பார், சதுப்பு நிலங்களைக் குறிக்க வெபர் என்னும் ஜெர்மானியர் 1907 இல் ஆண்ட சொற்களை எடுத்து, 1919 இல் நீர்நிலைகளுக்குப் பயன்படுத்தினார். போசணை மிகுந்த நீர், போசணை குன்றிய நீர் என்பன அச்சொற்களின் பொருள். அதே காலத்தில் ஜெர்மனியில் தீனமன் என்பார், ஏரியின் அடிச்சேற்றில் வாழும் சிறு ஈக்களின் புழுக்களைக் கொண்டும், ஆழத்து நீரிலுள்ள ஒட்சிசனின் அளவைக் கொண்டும் ஏரிகளை வகுத்து வந்தார். இவ்விருவர் முயற்சியால் 1922 இல் ஏரியியலாளரின் சர்வதேசச் சங்கமும் தோன்றிற்று. மட்கிய தாவரச் சாற்றினாற் கபில நிறம் கொண்ட ஏரிகள் மூன்றாம் வகையாகச் சேர்க்கப்பட்டன.

இப்பாகுபாடு பெரும் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குறை அதனுள் மறைந்திருந்தது. போசணை குன்றியது என்னும் பெயர், நீரில் எது இல்லை என்பதைச் சொல்லிற்றேயன்றி, எது உண்டு என்பதைச் சொல்லவில்லை. வறியவர் எல்லோரும் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை. வறிய ஏரிகளும் அவ்வாறே.

இதனை முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் பியர்சோல். இங்கிலாந்தின் வடமேற்கில், சிறியதொரு மலைநாட்டில், ஏரிகள் பல நெருங்கிக் கிடக்கின்றன. ஒரே பனிக்காலத்திற் பிறந்து, ஒரே வானத்தின் மழையைப் பெறும் ஏரிகள் அவை. 1921 இல் பியர்சோல் அவற்றை ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டினார். வரிசையின் ஒரு முனையில் வொஸ்ட்வோட்டர் ஏரி. பாறைக் கரையும் ஆழ்ந்த தெளிநீரும் உடையது. அதன் வடிநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே பயிரிடத்தக்க நிலம். மறுமுனையில் எஸ்த்வெய்ட் ஏரி. சேற்றுக் கரையும் செழித்த நீர்ச்செடிகளும் உடையது. அங்கே பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு. ஏனைய ஏரிகள் இவ்விரண்டிற்கும் இடையே படிப்படியாக அமைந்தன. இரு பெட்டிகளுக்குள் அடைக்கப்பட்ட ஏரிகள், உண்மையில் ஓர் ஏணியின் படிகள் என்பது அப்போது புலனாயிற்று.

நிலம் வேறுபட நீர் ஏன் வேறுபடுகிறது? மழைநீர் விழும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலத் தன்மையைப் பெறுகிறது. அந்நீர் மண்ணினூடாகவும் பாறையினூடாகவும் செல்லும்போது, கல்சியம், மகனீசியம் முதலியவற்றைக் கரைத்தெடுத்து, தானும் இருகாபனேற்று என்னும் உப்பினைத் தாங்கியதாக மாறுகிறது. சுண்ணக்கல்லாயின் இம்மாற்றம் விரைவிலும் மிகுதியாகவும் நிகழும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரைக் கொதிக்க வைப்போர், கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு திரள்வதைக் காண்பர். அது சுண்ணக்கல் நீருக்குத் தந்த பங்கு. கருங்கல்லும் குவாட்சைற்றும் எளிதிற் கரைவன அல்ல. அவற்றின்மேற் கிடக்கும் ஏரி, பெய்த மழையை ஏறத்தாழப் பெய்தவாறே தாங்கி நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பாசியை வளர்ப்பது பொசுபரசு; அமிலத்தைத் தாங்குவது இருகாபனேற்று. முதலாவது குறைந்த நீரில் இரண்டாவது மிகுந்திருக்கலாம். இரண்டும் குறைந்திருக்கவும் கூடும். இருவகை நீரும் போசணை குன்றிய நீரே. கண்ணுக்கு அவை வேறுபடா.

இவ்வுண்மைக்கு நல்ல சான்று அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து கிடைத்தது. அங்கே பேர்ஜ், ஜூடே என்னும் இருவர் ஏரி ஆராய்ச்சியைப் பல்லாண்டு நடத்தினர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த பேர்ஜ், 1925 இல், தமது எழுபத்துமூன்றாம் வயதில் ஓய்வு பெற்றவுடன், மாநிலத்தின் வடபகுதிக் காடுகளிடையே ட்ரவுட் ஏரிக் கரையில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடக்கிய செய்தி நினைக்கத்தக்கது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இருவரும் தம் துணைவர்களுடன் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளின் நீரை எடுத்துச் சோதித்தனர்.

அப்பகுதியிற் பாறை வேறுபாடு பெரிதன்று; எங்கும் பனியாறு கொணர்ந்த மணலே. எனினும் அண்மையிலுள்ள ஏரிகள் தம்முள் வியக்கத்தக்க அளவு வேறுபட்டிருந்தன. கிறிஸ்டல் ஏரியும் ட்ரவுட் ஏரியும் தெளிந்தவை, போசணை குன்றியவை, சில கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளவை. ஆயின் ட்ரவுட் ஏரியிலுள்ள கல்சியம் கிறிஸ்டல் ஏரியில் உள்ளதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. காரணம் யாதெனின், கிறிஸ்டல் ஏரிக்கு ஓடை வரத்து இல்லை. அது பெரும்பாலும் நேரே தன்மேற் பெய்யும் மழையினால் நிரம்புவது. ட்ரவுட் ஏரியோ தாழ்ந்த இடத்தில் அமைந்து, ஓடைகளையும், மணலினூடே நெடுவழி நடந்து வந்த நிலத்தடி நீரையும் பெறுவது. வழி நெடிதாக நெடிதாக நீர் சேர்க்கும் உப்பும் மிகுகிறது. எந்தப் பாறை என்பதோடு, எந்த வழி என்பதும் ஏரியின் இயல்பைத் தீர்மானிக்கிறது என்பது இதனாற் பெறப்பட்டது.

காலமும் ஒரு காரணமாகும். இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரிக்கரையில் 1931 முதல் இயங்கிய நன்னீர் உயிரியற் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த மக்கரத் என்பார், ஏரிகளின் அடியிலுள்ள சேற்றைத் தூண்போல வெட்டியெடுக்கும் கருவியொன்றை அமைத்தார். ஏரிச்சேறு என்பது சுற்றியுள்ள நிலத்திலிருந்து காலந்தோறும் அரித்து வரப்பட்ட மண்ணின் அடுக்கு என்று 1966 இல் அவர் விளக்கினார். பனி விலகிய புதிதில் மண் உப்புக்களால் நிறைந்திருந்தது. மழை அவற்றைச் சிறிது சிறிதாகக் கழுவிச் சென்றது. மலையேரி தன் செல்வத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாக இழந்து வந்துள்ளது என்பதே அச்சேற்றிற் பதிந்த செய்தி.

அதே ஆய்வுகூடத்தில் 1950களின் நடுப்பகுதியில் கனேடியரான கோரம் என்பார் மழையையே சோதிக்கத் தொடங்கினார். கடற்பக்கத்திலிருந்து காற்று வீசும்போது மழையில் கடலுப்பு மிகுந்திருந்தது. தொழிற்சாலை நகரங்களின் பக்கத்திலிருந்து காற்று வீசும்போது மழையில் சல்பூரிக்கமிலம் மிகுந்திருந்தது. கரையாப் பாறைமேலுள்ள சிறு குளங்களின் நீர் அமிலமாயிருத்தற்கு இம்மழையே காரணம் என்று அவர் 1955 இலேயே எடுத்துக்காட்டினார். அமில மழை என்னும் சொல் அதற்கும் முந்தியது. மான்செஸ்டர் நகரத்தின் புகையை ஆராய்ந்த றொபேட் அங்கஸ் ஸ்மித் என்பார் 1872 இல் வெளியிட்ட நூலில் அச்சொல் இடம்பெற்றிருந்தது. ஸ்மித் பொருளைச் சொன்னார். கோரம் அது ஏரியை அடையும் வழியைச் சொன்னார். இருவர் கூற்றும் நூலகங்களின் அலுமாரிகளிலேயே தங்கின.

அமிலத்தை அளப்பதற்கு விஞ்ஞானிகள் வழங்கும் அளவுகோல் பீ.எச். எனப்படும். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் ஏறும். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்காகும். தூய மழையின் அளவு ஏறத்தாழ 5.6 எனலாம். ஏரியொன்றில் அமில மழை விழும்போது, நீரிலுள்ள இருகாபனேற்று அதனை நடுநிலையாக்கித் தான் அழிகிறது. கையிருப்பு உள்ள வரையில் ஏரியின் பீ.எச். அளவில் பெரிய மாற்றம் தோன்றாது. கையிருப்பு தீர்ந்ததும் அளவு திடீரெனச் சரிகிறது. சுண்ணக்கல் நாட்டு ஏரியின் கையிருப்பு தீர்வதே இல்லை எனலாம். கருங்கல் நாட்டு ஏரியின் கையிருப்போ சில பத்தாண்டுகளுக்குள் முடிந்துவிடும்.

நேயர்களே, முடிந்தது எங்கே என்பதை இனி நோக்குவோம். நோர்வேயின் தென்பகுதி ஆறுகளிற் சமன் மீன் குறைந்து வருவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே மீனவர் கண்டிருந்தனர். மலையேரிகளில் ட்ரவுட் மீன்கள் மறைந்தன. கரையிலிருந்த மக்கள் மீன் தீர்ந்ததை அறிந்தனர், காரணத்தை அறிந்திலர். 1967 ஒக்டோபரில் சுவீடனின் மண்ணியல் அறிஞர் ஓடேன் என்பார் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, நாட்டையே விழிக்கச் செய்தது. பிரித்தானியாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிக்கப்படும் நிலக்கரியின் கந்தகம், காற்றில் பல நூறு கிலோமீற்றர் பயணஞ் செய்து ஸ்கந்தினேவிய நாடுகளில் அமிலமாக விழுகிறது என்பது அவர் கூற்று. 1972 முதல் 1980 வரை நோர்வே ஒரு பெரும் ஆய்வுத் திட்டத்தை நடத்திற்று. தென்நோர்வேயில் ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீற்றர் பரப்பிலுள்ள நீர்நிலைகளில் மீனே இல்லாதொழிந்தது என்பது அதன் முடிவு.

அத்லாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலும் இதே கதை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லா குளோஷ் மலைகள் வெண்மையான குவாட்சைற்றுப் பாறையாலானவை. ஹார்வி, பீமிஷ் என்னும் இரு மீனியலாளர், அங்குள்ள லம்ஸ்டன் ஏரியிலும் அயல் ஏரிகளிலும் மீனினங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்ததை ஆராய்ந்து 1972 இல் வெளியிட்டனர். அண்மையிலுள்ள சட்பரி நகரத்தின் உலோக உருக்காலைகள் வெளிவிட்ட கந்தகப் புகை அங்கே வீழ்ந்தது. ஆயின் அதே மலைத்தொடரில், வேறு பாறைமேல் அமைந்த சில ஏரிகள் பெரிதும் தீங்கின்றித் தப்பின. ஒரே புகை, ஒரே மழை, ஒன்றுபோலத் தெளிந்த நீர். ஒன்றில் மீன் இறந்தது. ஒன்றில் மீன் வாழ்ந்தது. பியர்சோலும் பேர்ஜும் ஜூடேயும் பட்டியலிட்டு வைத்த சிறு வேறுபாடுகள், உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடாக மாறின.

அமிலம் மீனை நேரே கொல்வதோடு நிற்பதில்லை. அமில நீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொணர்கிறது. அந்த அலுமினியம் மீனின் பூக்களிற் படிந்து மூச்சை அடைக்கிறது. முட்டைகளும் குஞ்சுகளும் முதலில் அழிகின்றன. முதிர்ந்த மீன்கள் சில ஆண்டுகள் வாழ்கின்றன. பின்னர் அவையும் இல்லையாகின்றன. இத்தனையும் நிகழும்போது நீர் முன்னையிலும் தெளிவடைந்து நீலமாக ஒளிரும். பார்ப்பவர் அதனைத் தூய்மை என்று எண்ணி மகிழ்ந்தனர் என்பதுதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி.

பழி சுமத்தப்பட்டவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அமிலம் மழையிலிருந்து வரவில்லை, கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் மண் மாறியமையால் வந்தது என்று நோர்வேயின் நிலவியலாளர் றோசன்க்விஸ்ட் வாதிட்டார். அது ஆராய்ந்து விடையளிக்க வேண்டிய வாதமே. விடை ஏரிச்சேற்றிலிருந்து வந்தது. தயற்றம் என்னும் நுண்ணிய பாசிகள் கண்ணாடி போன்ற ஓடுடையவை. ஒவ்வோரினமும் தனக்கேற்ற அமில அளவிலேயே செழிக்கும். இறந்தபின் அதன் ஓடு சேற்றில் அழியாது கிடக்கும். பிளவர், பட்டர்பீ என்னும் இருவர், ஸ்கொத்லாந்தின் கலவே மலைப்பகுதியில், கருங்கல்மேற் கிடக்கும் சிறு ஏரிகளின் சேற்றை அடுக்கடுக்காக ஆராய்ந்து 1983 இல் வெளியிட்டனர். றவுண்ட் லொக் ஒவ் கிளென்ஹெட் என்னும் ஏரியின் பீ.எச். அளவு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 5.5 ஆயிருந்தது, 1980 அளவில் 4.7 ஆக இறங்கியிருந்தது. அவ்வடிநிலத்தில் உழவும் இல்லை. புதிதாகக் காடு நட்டதும் இல்லை. தொழிற்சாலைகள் பெருகிய காலமும் ஏரி அமிலமாகிய காலமும் ஒன்றாயின.

விஸ்கொன்சினில் மற்றொரு சோதனை நிகழ்ந்தது. ட்ரவுட் ஏரி நிலையத்தின் அயலிலுள்ள லிற்றில் றொக் ஏரி, மழையையே பெரிதும் நம்பி வாழும் ஏரி. இரு பகுதிகளாக அமைந்த அதனை 1984 இல் ஒரு திரையாற் பிரித்து, 1985 முதல் 1990 வரை ஒரு பகுதிக்கு மட்டும் சல்பூரிக்கமிலம் ஊட்டினர். பீ.எச். அளவு 6.1 இலிருந்து 5.6 ஆகவும், பின்னர் 5.2 ஆகவும், இறுதியில் 4.7 ஆகவும் படிப்படியாக இறக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் சில சிற்றுயிரினங்கள் குறைந்தன. வேறு சில அவற்றின் இடத்தைப் பிடித்தன. திரையின் மறுபுறத்து நீர் அமிலமூட்டப்படாமல் ஒப்புநோக்க உதவிற்று. ஐயத்துக்கு இடமில்லாத சான்று அது.

இதற்கிடையே அரசுகளும் இயங்கத் தொடங்கின. 1979 இல் ஜெனீவாவில் எல்லை கடந்த காற்று மாசு பற்றிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1985 இல் ஹெல்சிங்கியில், கந்தக வெளியீட்டை நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதாகப் பல நாடுகள் உறுதி பூண்டன. ஐக்கிய அமெரிக்கா 1990 இல் தன் காற்றுச் சட்டத்தைத் திருத்திற்று. ஐரோப்பாவின் கந்தக வெளியீடு, 1980 இல் இருந்த அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சுவீடனும் நோர்வேயும் ஏரிகளிற் சுண்ணாம்புத் தூளைத் தூவி, பாறை தராததை மனிதர் கையால் ஊட்டின. பல ஏரிகளின் அமிலம் தணிந்தது; சிலவற்றில் மீன்கள் மீண்டன.

எனினும் கணக்கு இன்னும் தீரவில்லை. அமில மழை பத்தாண்டுகள் பலவாக மண்ணிலிருந்த கல்சியத்தையும் கழுவிச் சென்றிருந்தது. வெட்டி எடுத்துச் செல்லப்பட்ட மரங்களும் தம் பங்கைக் கொண்டு சென்றன. மழை திருந்தியபின் அமிலம் குறைந்ததேயன்றி, இழந்த கல்சியம் திரும்பவில்லை. தப்னியா என்னும் மிகச்சிறிய நீர்த்தெள்ளு, தன் ஓட்டை அமைக்கக் கல்சியத்தை வேண்டுவது. பாசியை உண்பதும் மீன்குஞ்சுக்கு உணவாவதும் அதுவே. இலீற்றர் ஒன்றிற்கு 1.5 மில்லிகிராமிற் குறைந்த கல்சியமுள்ள நீரில் அது நலிவுறுகிறது. ஒன்ராறியோவின் மெல்நீர் ஏரிகள் பலவற்றில் கல்சியம் அவ்வெல்லையை நெருங்கியும் அதற்குக் கீழே இறங்கியும் வருவதை 2008 இல் வெளியான ஆய்வு வெளிப்படுத்திற்று. கரையாப் பாறை மீண்டும் அச்செல்வத்தைச் சுரக்க நெடுங்காலம் செல்லும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. பெயரிட்டு வகுத்தல் அறிவின் முதற்படி. நௌமனும் தீனமனும் அப்படியைச் செம்மையாக அமைத்தனர். ஆயின் ஒரு பெயருக்குள் அடங்கிய எல்லாம் ஒரே தன்மையின என்று எண்ணியபோது, எந்த ஏரியை முதலிற் காத்தல் வேண்டும் என்பது கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஐந்நூறு ஏரிகளின் நீரைப் பொறுமையோடு அளந்து எழுதி வைத்தவர்களின் ஏடுகள், எழுதிய காலத்தில் எவருக்கும் பயன்படாதவைபோலத் தோன்றின. பின்னர் எந்த நீர் தாங்கும், எந்த நீர் தாங்காது என்று உலகம் வினவியபோது, விடை அவ்வேடுகளிலேயே இருந்தது.